இட்டேரிக்குக் குடத்தோடு போனவள்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் போத்தனூர் போகிற சாலையை ஒட்டி நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. இப்போது அந்தப் பக்கம் போனால் எனக்கே வழி தெரிவதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்புறம் சோளக்காடும் பருத்திக்காடும்தான்.

என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் ஃபிட்டர். வேலையில் கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். பேச்சில்தான் மனிதர் ஒன்றுக்கும் ஆக மாட்டார். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று விடுவார். மரியாதை அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ளதுதான், இவரிடம் அது கொஞ்சம் கூடுதலாகவே சேர்ந்துவிட்டது. பஸ் கண்டக்டர் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறக்கிவிட்டால்கூட "சரிங்க" என்று இறங்கி நடந்து வருகிற ஆள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். சொந்தமாக லேத் பட்டறை போடப் போகிறாராம். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம் அது. பம்ப்செட் செய்கிறவர்கள் ஊரெல்லாம் கிளம்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், பட்டறை மட்டும் எழும்பட்டும், கடைசல் வேலையெல்லாம் உனக்குத்தான் என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி ஒரு பழைய லேத்தையும் வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கிருந்த காலி இடத்தில் இறக்கிவிட்டார். மேலே ஒரு தார்ப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் காலி இடத்துக்கு வடக்கே ஒரு இட்டேரி இருந்தது. கொங்குப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கள்ளியும் கிளுவையும் வேலியாக வளர்ந்திருக்க, காடுகளுக்கு நடுவே ஆடுமாடும் வண்டியும் போய்வருகிற குறுகலான மண் தடத்துக்கு அங்கே இட்டேரி என்று பெயர். வண்டிச் சக்கரம் அறுத்து அறுத்துத் தடம் பள்ளமாகக் கிடக்கும். அந்த வார்த்தைமேல் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறைக்குக் கட்டடம் கட்டப் பிளான் பாஸ் ஆக வேண்டும். பிளான் பாஸ் ஆனால்தான் கரண்ட் கொடுப்பார்கள். கரண்ட் வந்தால்தான் லேத் சுற்றும். டவுனில் ஒருவரைப் பிடித்துப் பிளான் போட்டு வாங்கி, நான்கு எல்லையும் எழுதி, அனுமதி கொடுக்கிற ஆபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தெற்கே சாலை, வடக்கே இட்டேரி, மற்ற இரண்டு பக்கமும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பெயர்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் ஆபீசர் இடம் பார்க்க வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஜீப்பை விட்டு இறங்கியவர் சேற்றுக்குப் பயந்து சாலையோரமாகவே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, அவருக்குப் பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நின்றார். அங்கே நடந்த பேச்சை அன்று மாலை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"தண்ணி இவ்வளவு கிட்டத்துல நிக்குதே?" என்று வடக்கே கையைக் காட்டிக் கேட்டாராம் ஆபீசர். இட்டேரி நிறைய மழைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. மழை பேஞ்சா நிக்குமுங்க."

"வருஷா வருஷம் இப்படித்தானா?"

"வருசா வருசமுங்க."

ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நல்ல மனுசர், பொறுமையாகக் கேட்டார் என்று இவருக்கு ரொம்பத் திருப்தி.

கார்த்திகையில், அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. என்ன காரணம் என்று ஆபீசில் போய்க் கேட்டதற்கு, தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்று குமாஸ்தா சொன்னாராம். இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. மூன்றாம் நாள் அவருக்கே ஒரு யோசனை வந்தது. தண்ணீர் நிற்பதுதானே குறை, இடத்தை மேடாக்கிவிட்டால் போயிற்று. வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து வடக்குப் பக்கம் கொட்டினார். மண் இட்டேரிக்குள்ளும் கொஞ்சம் சரிந்தது. தினமும் காலையில் தார்ப்பாயைத் தூக்கி லேத்துக்கு எண்ணெய் தடவுவார், அப்புறம் மண் நிரவப் போவார். வருமானம் நின்று போயிருந்தது. பம்ப்செட்காரர் ஒருதரம் வந்து மண்மேட்டையும் தார்ப்பாயையும் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் அந்த லேத்தை விலைக்குக் கேட்டு வந்தார். மறுபடி மனுப் போட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் அவருக்கே கொடுத்துவிடுவதாக இவர் சொல்லிவிட்டார். மில்லிலும் பழைய மேஸ்திரி, திரும்பி வருவதானால் வந்து சேர் என்று சொல்லி அனுப்பியிருந்தார். லேத்துக்கு எண்ணெய் தடவுகிற நேரம் மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. எனக்கு லேத்தும் தெரியாது, பட்டறையும் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மாசியில் மறுபடியும் மனுப் போட்டார். ஆபீசர் நேரில் வரச் சொன்ன அன்று நானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"நீயி எதுக்கு இந்த வெய்யல்ல?" என்றார்.

"நீங்க சரிங்கன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க. அதுக்குத்தான்" என்றேன். அதற்கும் "சரி" என்றார்.

ஆபீசர் மேஜைமேல் பிளானை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். பக்கத்தில் குமாஸ்தா. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் அதே இடத்துக்கா?"

"இல்லீங்க, இப்ப மேடு பண்ணிப்போட்டேனுங்க" என்றார் இவர் உற்சாகமாக. "வண்டி வண்டியா மண்ணு கொட்டியாச்சுங்க."

"மண்ணை எங்க கொட்டினீங்க?"

"இட்டேரி ஓரமாத்தானுங்க. கொஞ்சம் உள்ளயும் சரிஞ்சுபோச்சுங்க. இனித் தண்ணி இந்தப் பக்கம் வராதுங்க."

ஆபீசர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "ஏரியில மண்ணைக் கொட்டி மூடிக்கினு, அதுக்கு மேல கட்டடம் கட்ட எங்கிட்டயே வந்து பர்மிஷன் கேக்கறீங்களா? உங்க மேல கேஸ் போட வேண்டியிருக்கும், தெரியுமா?"

"சரிங்க" என்றார் என் வீட்டுக்காரர். பழக்கதோஷம்.

அனுமதி கேட்க வந்த இடத்தில் கேஸ் என்கிறார்கள், இவர் அதற்கும் தலையாட்டுகிறார். ஆனால் ஆபீசர் சொன்னதில் இரண்டு வார்த்தை என் காதில் மாட்டிக்கொண்டன. ஒன்று, 'மூடிக்கினு'. கோயம்புத்தூரில் யாரும் 'கினு' போட மாட்டார்கள். கோபம் வந்ததும் அவர் வாயில் அது தானாக வந்துவிட்டது. அது எங்கள் ஊர்ப் பேச்சு. இன்னொன்று, 'ஏரி'.

இப்போது அந்தப் பழைய மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்த ஊர் மதுராந்தகம் பக்கம். இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் நெசவு பார்த்தவர்கள் என்பதால் தூரத்துச் சொந்தம் விட்டுப்போகாமல், என்னை அவ்வளவு தொலைவு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ஏரி இல்லாத ஊர் கிடையாது. சித்தேரி, புத்தேரி, கல்லேரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். கல்யாணமாகி வந்த அதே வாரம், என் மாமியார் ஆட்டை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "அம்மணி, இதைய இட்டேரிக்கு ஓட்டீட்டுப் போயி மேச்சுட்டு வந்துரு கண்ணு" என்றார். இட்டேரி என்றால் எனக்கு என்ன தோன்றும்? போவதுதான் போகிறோம், ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தால் மாமியார் மெச்சிக்கொள்வாரே என்று பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு கையில் ஆட்டுக் கயிறு, இடுப்பில் குடம். வேலிகளுக்கு நடுவே நடக்கிறேன், நடக்கிறேன், தண்ணீரையே காணோம். கடைசியில் தடம் முடிந்து அந்தப் பக்கத்துச் சாலையே வந்துவிட்டது. அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் இட்டேரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்தன நேரம் நீங்க நடந்து வந்தது இட்டேரிலதானுங்க அம்மணி" என்றார்.

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பெயர் போய் 'ஏரிக்காரி' என்று ஆனது. வீட்டுக்கு வருகிற ஒருத்தர் பாக்கியில்லாமல் என் மாமியார் அந்தக் குடக் கதையைச் சொல்வார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடச் சிரிப்பேன். உள்ளுக்குள் அவமானமாக இருக்கும். பிள்ளை பிறந்த பிறகும் அந்தக் கேலி நிற்கவில்லை. சமையற்கட்டில் ஒருதரம் அழுதுகூட இருக்கிறேன்.

அந்த ஆபீசில் நிற்கும்போது இதெல்லாம் சேர்ந்து ஞாபகம் வந்தது. சித்தேரி, புத்தேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இட்டேரியும் ஒரு ஏரிதான். போதாததற்கு, மழைநாளில் வந்து தண்ணீரையும் கண்ணால் பார்த்துவிட்டார். இந்த மனிதரும் குடத்தோடு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், நீங்க செங்கல்பட்டுப் பக்கமா? எனக்கு மதுராந்தகம்" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருக்குது சார். அந்த இட்டேரிக்கு நான் குடம் எடுத்துக்கினு தண்ணி மொள்ளப் போயிருக்கேன். ஒரு சொட்டுக் கெடைக்கல."

ஆபீசர் எரிச்சலோடு பார்த்தார். நான் விடவில்லை. ஆட்டுக் கயிறு, குடம், புல் அறுத்த அம்மாள் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். வருஷக்கணக்காக எந்தக் கதையைக் கேட்டுக் கூசினேனோ, அதை நானே வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்து, "இங்க இட்டேரின்னா ஆடுமாடு போற தடம் சார். அது ஏரி இல்ல. இந்த ஊர்ல ஏரியைக் குளம்னுதான் சொல்லுவாங்க" என்றேன்.

ஆபீசர் குமாஸ்தா பக்கம் திரும்பினார். குமாஸ்தா அந்த ஊர்க்காரர்.

"உமக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"அய்யா தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு இருந்துட்டனுங்க" என்றார் அவர் கையைக் கட்டிக்கொண்டு.

ஆபீசர் பிளானை மடித்தார். நாளைக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர், "அவரு ஏரின்னு நெனைச்சுட்டாரா?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியிருக்கிறது.

மறுநாள் ஆபீசர் சொன்னபடி வந்தார். நல்ல வெயில். இட்டேரி காய்ந்து கிடந்தது. இந்தத் தடவை சாலையில் நிற்கவில்லை. தடத்துக்குள் இறங்கி உள்ளே நடந்தார். எதிரே நாலைந்து ஆடுகள் வர, வேலியோரம் ஒதுங்கி அவற்றுக்கு வழி விட்டார். கள்ளி முள் சட்டையில் மாட்டியது. அதை எடுத்துவிட்டுக்கொண்டு தடத்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

என் மாமியார் ஒரு சொம்பில் மோரோடு காத்திருந்தார். அவருக்கு ஆபீசர் என்றால் பயமும் கிடையாது, விவகாரம் என்ன என்றும் சரியாகத் தெரியாது.

"ஏனுங்க சாமி, ஏரியத் தேடிட்டு வந்தீங்களாமா? இங்க ஏரி எங்கீங்க இருக்குது? குளத்துல தண்ணி பாக்கோணும்னா உக்கடத்துக்குத்தான் போகோணும்" என்றவர், அதோடு நிறுத்தினாரா? "எங்க மருமவளும் இப்படித்தானுங்க, வந்த புதுசுல குடத்தத் தூக்கீட்டு..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அனுமதி அந்த மனிதர் கையில் இருக்கிறது, மாமியார் அவரையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துச் சிரிக்கிறாரே என்று எனக்குப் பதறியது. ஆனால் ஆபீசர் மோரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்றே நான் நினைக்கவில்லை.

சிரிப்பு நின்றதும் என்னிடம் சொன்னார்: "உங்களுக்குச் சிரிக்க ஆள் இருந்தாங்கம்மா. அன்னிக்கே தெரிஞ்சிக்கினீங்க. எங்கிட்ட எல்லாரும் சரிங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இட்டேரின்னு எழுதின இன்னும் சில பேரையும் நான் திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்களும் சரிங்கன்னுதான் போனாங்க."

கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம் சொன்னார். இட்டேரி ஊருக்குப் பொதுவான தடம் என்பதால் உள்ளே சரிந்த மண்ணை வாரிவிட வேண்டும். கட்டடத்தை வடக்குப் பக்கம் கொஞ்சம் உள்தள்ளிக் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் "சரி" என்று வாயெடுப்பதற்குள் நான் குறுக்கே புகுந்து, உள்தள்ளுவது என்றால் வேலியிலிருந்து அளக்கவா, தடத்து நடுவிலிருந்து அளக்கவா என்று கேட்டேன். ஆபீசர் வேலியைத் தொட்டுக் காட்டி, இங்கிருந்து என்றார். அதன் பிறகு இவர் "சரிங்க" என்றார்.

உள்ளே சரிந்த மண்ணை என் வீட்டுக்காரரே கூடையில் வாரினார். பங்குனியில் அனுமதி வந்தது. உடுமலைப்பேட்டைக்காரருக்கு லேத் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். ஆடி பிறப்பதற்குள் ஓடு வேய்ந்து, கரண்டும் வந்துவிட்டது. முதல் ஷாஃப்டைக் கடைந்தபோது அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து அழ ஆரம்பித்தான். இவர் எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பட்டறை வருமானத்தில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள், எங்கள் சாப்பாடும் அதில்தான் நடந்தது.

ஆபீசர் திருப்பி அனுப்பியதாகச் சொன்ன மற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் ஆபீசர் ஒவ்வொருவராக ஆள் விட்டுக் கூப்பிட்டு, மறுபடி மனுப் போடச் சொன்னதாகக் குமாஸ்தா பிறகு ஒருநாள் பட்டறைக்கு வந்தபோது சொன்னார். ஒருவர் மட்டும் வரவில்லையாம். அதற்குள் இடத்தை விற்றுவிட்டு வால்பாறைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மாமியார் கண்ணை மூடும்வரை அந்தக் குடக் கதையை விடவில்லை. கடைசி வருஷங்களில் அதன் வால் மட்டும் கொஞ்சம் நீண்டது, ஆபீசரும் அதில் சேர்ந்துகொண்டார். எனக்கும் கேட்கக் கூசவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களால்தான் நான் அந்த ஊரின் வார்த்தையைக் கற்றுக்கொண்டேன் என்பதும், மரியாதைக்காக ஆபீசரைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் விட்டதில்தான் முகம் தெரியாத ஒரு மனிதர் தன் இடத்தை இழந்தார் என்பதும் இந்த வயதிலும் அவ்வப்போது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.